இரண்டாம் டேங்கின் வாசனை

சுவைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வரோடும் ஒரு மணி நேரம் பேசும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பீர் ருசி பார்ப்பதற்கென்றே பல வருடம் சம்பளம் வாங்கிய நாக்கு, பேசச் சொன்னால் மட்டும் ஒத்துழைக்காது. அதனால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

கோப்பையை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு ஊற்றுவது, எந்தக் கட்டத்தில் எந்த மதிப்பெண் போடுவது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் கையேட்டில் இருக்கிறது. அதை எழுதியதில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் நான் செய்த தவறுகளில் பெரியது எதுவோ அது கையேட்டில் இல்லை. அதை எழுதும் தைரியம் அப்போது வரவில்லை. இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது, சொல்லிவிடலாம்.

நான் ஆம்பூரில் பிறந்தவள். அப்பா தோல் பதனிடும் டேனரியில் பச்சைத் தோலுக்குச் சுண்ணாம்பு போடும் பிரிவில் வேலை பார்த்தார். வேதியியல் படித்து முடித்ததும் எனக்கும் வேறொரு டேனரியின் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. பதினோரு வருடம் அங்கே இருந்தேன். பிறகுதான் பள்ளிகொண்டா தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த இந்தச் சின்ன பீர் தொழிற்சாலைக்கு ஆய்வகத்தில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தேன். அம்மாவுக்குத்தான் சங்கடம். "சர்ச்சுல கேட்டா இன்னான்னு சொல்றது?" என்றார். "லேப்ல வேலைன்னு சொல்லும்மா" என்றேன். அம்மா ஜூஸ் கம்பெனி என்று சொல்லிவிட்டார். இன்று வரைக்கும் எங்கள் சபையில் சில பேருக்கு நான் ஜூஸ் கம்பெனி எஸ்தர்தான். என் வீட்டுக்காரர் வேறு மாதிரி. ஊரில் எல்லாப் பெண்களும் சாயங்காலம் புருஷன் வாயை மோந்து பார்க்கிறார்கள், என் வீட்டில் மட்டும் தலைகீழ் என்று தன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இருந்ததால்தான் இத்தனை வருடம் ஓட்ட முடிந்தது.

ஆய்வகத்தில் சேர்ந்தவள் மெல்ல மெல்லச் சுவைக் குழுவுக்குத் தலைவியானேன். ஆறு பேர் கொண்ட குழு. தொழிற்சாலையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தயாரிப்பையும் நாங்கள் முகர்ந்து, ருசித்து, எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் லாரி வரும். ஆறாவது கையெழுத்து என்னுடையது.

நான் சொல்லப் போகும் வருடத்தில், பெங்களூரில் நாலைந்து உணவகங்கள் நடத்தும் ஒருவர் எங்களிடம் புதிதாக ஒரு பீர் கேட்டார். குளிர் தேசங்களில் பனி விலகும் வசந்த காலத்தில் குடிப்பதற்கென்று ஒரு வகை உண்டு. வெளிர் பொன் நிறம், கொஞ்சம் கனம், கசப்பு குறைவு, மால்ட் வாசனை தூக்கலாக இருக்கும். மால்ட் என்பது முளைகட்டிக் காயவைத்து இளஞ்சூட்டில் வறுத்த பார்லி. வீட்டில் முளைகட்டிய கேழ்வரகை வாணலியில் வறுக்கும்போது ஒரு கட்டத்தில் வாசனை சட்டென்று மாறுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் கூடவே பேக்கரியில் பன் ட்ரே வெளியே வரும்போது எழும் மணம். அடியில் கொஞ்சம் தேன். இவ்வளவுதான் அந்த பீர். ஆனால் இவ்வளவையும் சுத்தமாகக் கொண்டுவருவது கடினம். மசாலா போட்ட குழம்பில் சின்னக் கோளாறு மறைந்துவிடும், வெறும் பால் சோற்றில் மறையாது. இந்த பீர் பால் சோறு மாதிரி.

வேலூரில் வசந்தம் ஏது? மாசி முடியும்போதே வெயில் மண்டையைப் பிளக்கும். அப்படியிருந்தும் எங்கள் மேனேஜர் தேவராஜ் சார் இந்த பீரைப் பெரிய ஆசையோடு எடுத்துக்கொண்டார். வாணியம்பாடிக்காரர். நிர்வாகம், தயாரிப்பு இரண்டும் அவர் பொறுப்பு. அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் யாரும் நின்று கவனிக்காத சாதாரணச் சரக்கு. "இது நல்லா வந்துச்சுன்னா எஸ்தர், நம்மளையும் ஒரு ஆளா மதிப்பாங்க" என்று என்னிடம் சொன்னார். மூன்று டேங்குகளில் போட்டோம். பல வாரம் குளிரில் வைத்துப் பக்குவப்படுத்தினோம். பெங்களூரில் அந்த உணவகங்கள் எல்லாவற்றிலும் ஒரே நாளில் இதைத் திறப்பதாக விளம்பரம் கொடுத்துவிட்டார்கள்.

லாரி வர மூன்று நாள் இருக்கும்போது சுவைக் குழு உட்கார்ந்தது. காலை பதினோரு மணி. மூன்று டேங்கிலிருந்தும் தனித்தனியாகக் கோப்பைகள், அடியில் எண் ஒட்டியது. எது எந்த டேங்க் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. நான் முதல் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் மனசு நிறைந்தது. ரொட்டி, தேன், வறுத்த தானியம், எல்லாம் கேட்டபடி வந்திருந்தது. மூன்றுமே நன்றாக இருந்தன. ஆனால் ஒரு கோப்பை மட்டும் மற்ற இரண்டை விடப் பிடித்திருந்தது. எனக்கு மட்டும் இல்லை, ஆறு பேருக்கும். பிறகு எண்ணைப் புரட்டிப் பார்த்தபோது அது இரண்டாம் டேங்க். "முடிவில் ஒரு நல்ல ஆழம் தெரிகிறது" என்று என் படிவத்தில் எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியை நானே ஒரு தடவை ரசித்துப் படித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

அப்போது எங்களிடம் கோப்பைகள் கழுவும் வேலைக்குச் செல்வி என்ற பெண் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜவ்வாது மலைப் பக்கம். புருஷனுக்குப் பள்ளிகொண்டாவில் லாரி செட்டில் வேலை கிடைத்து இறங்கி வந்தவர்கள். அதிகம் பேச மாட்டாள். ருசி பார்க்கும் கோப்பையில் சோப்பு வாசனை கொஞ்சம் தங்கினாலும் முடிவு கெட்டுவிடும். அதனால் ஒவ்வொரு கோப்பையையும் கழுவுவதற்கு முன்னும் பின்னும் முகர்ந்து பார்க்கச் சொல்லி நான்தான் அவளுக்குப் பழக்கியிருந்தேன். சொன்ன வேலையை அப்படியே செய்வாள்.

அன்று மதியம் நாங்கள் ஆறு பேரும் அறையில் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு நல்ல காரியம் முடிந்த சந்தோஷம். வாசலில் செல்வி ஒரு தட்டில் நாலைந்து கோப்பைகளோடு நின்றாள். கழுவாத கோப்பைகள். அடியில் விரல் உயரத்துக்கு மிச்ச பீர் இருந்தது.

"இன்னா செல்வி?"

"மேடம், இதுல ஒரு வாசனை வருது. முன்னாடி நான் சரியா கழுவலயோன்னு பயமா இருக்குது."

"சோப்பு வாசனையா?"

"இல்ல மேடம். புது செருப்பு கடைக்குள்ள போனா வருமே, அது. கூட கொஞ்சம் மாட்டுக் கொட்டாய் மாதிரி."

நான் ஒரு கோப்பையை வாங்கி முகர்ந்தேன். ரொட்டி, தேன். வேறு ஒன்றும் இல்லை. பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டினேன், அவரும் இல்லை என்று தலையாட்டினார்.

"ஏம்மா, இது ஆம்பூர் பக்கம். இங்க எதுலதான் செருப்பு வாசனை வரல?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

செல்வி சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியவள் நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "எல்லா கிளாஸ்லயும் இல்ல மேடம். இந்த ஒரு நம்பர் ஒட்டுனதுல மட்டும்தான்."

"சரி, கழுவி வை" என்றேன்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இந்த இடம்தான். அவள் சொன்னதில் இரண்டாவது வரி ஆதாரம். முதல் வரியைக் கேலி செய்துவிட்டதால் இரண்டாவது வரி என் காதில் விழுந்தும் விழாமல் போனது. ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் சொல்வதைக் கேட்பது நமக்கு மிகவும் கஷ்டம்.

சாயங்காலம் பஸ்ஸில் ஆம்பூர் திரும்பியதும் ஷாஹின் வீட்டுக்குப் போனேன். டேனரி ஆய்வகத்தில் என்னோடு பதினோரு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள். இப்போது ஒரு ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பு. அவள் மகள் பிரசவத்துக்கு வந்து அங்கே இருந்தாள், குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். நான் பீர் கம்பெனியில் சேர்ந்தபோது ஷாஹின் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதைப் பற்றிப் பேசவும் மாட்டாள். நானும் அவள் வீட்டில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அன்று மட்டும் எப்படியோ செல்வியின் கதையை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

ஷாஹின் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க சம்மந்தியம்மா ஐதராபாத்துல இருந்து போன வாரம் வந்தாங்க. ஸ்டேஷன்ல இறங்குனதுல இருந்து துப்பட்டாவ மூக்குல இருந்து எடுக்கல. எனக்கு பேஜாரா போச்சு. எங்க வாசன வருது, எங்க வருதுன்னு வீடு பூரா தேடுறேன். ஒன்னும் தெரியல. நாலு நாள் கழிச்சு அவங்களே துப்பட்டாவ எடுத்துட்டாங்க. இப்ப வாசன இல்லியான்னு கேட்டேன். அவங்களுக்கும் தெரியலயாம்."

"ம்."

"உனக்கும் எனக்கும் அது காத்து மாதிரி எஸ்தர். அந்தப் பொண்ணு மலைல இருந்து வந்திருக்கா. அவளுக்கு வருதுன்னா வருது. உனக்கு வரலன்னா அது ஒரு கணக்கா?"

கையிலிருந்த டீயைக் கீழே வைத்தேன். சுவைக் குழுவின் ஆறு பேரும் யார் என்று அங்கேயே யோசித்தேன். ஆம்பூர் இரண்டு பேர், வாணியம்பாடி இரண்டு, பேரணாம்பட்டு ஒன்று, மேல்விஷாரம் ஒன்று. எல்லாமே டேனரி ஊர்கள், ஆறு மூக்கும் ஒரே காற்றில் வளர்ந்தவை.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். எடுத்து வைத்திருந்த இரண்டாம் டேங்க் மாதிரியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, வெயில் படும் ஜன்னலோரம் அரை மணி நேரம் வைத்தேன். செல்வியிடம் போன கோப்பைகள் ஒரு மணி நேரம் வெளியே இருந்து சூடேறியவை, நாங்கள் ருசித்தது ஜில்லென்று இருந்தது. குளிர் பல வாசனைகளை அடக்கிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. சூடேறியதை முகர்ந்தேன். இனிமையாகத்தான் இருந்தது. கோளாறு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு ஆறு படிவங்களையும் மேசைமேல் பரப்பி, இரண்டாம் டேங்க் பற்றி எழுதியதை மட்டும் வரிசையாகப் படித்தேன். ஒருவர் "பழைய மரம் போல" என்று எழுதியிருந்தார். ஒருவர் "கதகதப்பு". நான் "ஆழம்". பேரணாம்பட்டுக்காரர் எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். "ஏற்கெனவே தெரிந்த வாசனை போல, மனசுக்குப் பிடித்தது."

பிடிக்காமல் என்ன செய்யும்? அப்பா வேலை முடித்து வீட்டுக்கு வரும்போது கூடவே வந்த வாசனை அது. எங்கள் ஆறு பேருக்கும் அது வீடு. ஒரு கோளாறை நாங்கள் கண்டுபிடிக்காமல் விட்டது மட்டும் இல்லை, அதற்குத்தான் முதல் மதிப்பெண் போட்டிருக்கிறோம்.

பீரில் தோல் வாசனையும் மாட்டுக் கொட்டகை வாசனையும் சேர்ந்து வந்தால் எதைச் சந்தேகப்பட வேண்டும் என்று புத்தகங்களில் இருக்கிறது. நாம் போடாத ஒரு காட்டு ஈஸ்ட் எங்கிருந்தோ உள்ளே புகுந்திருக்கும். குடித்தவர் உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அது நாளாக நாளாக வளரும். பெங்களூர் போய்ச் சேர்ந்து, அந்த உணவகங்களின் குழாய்களில் ஒட்டிக்கொண்டால் பிறகு அங்கே ஊற்றும் மற்ற பீரையும் கெடுக்கும். ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஆனால் அது மெதுவாக முளைப்பது. ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். லாரி வருவது நாளை மறுநாள்.

தேவராஜ் சார் வந்ததும் அவர் அறைக்குப் போய், இரண்டாம் டேங்கை நிறுத்த வேண்டும் என்று சொன்னேன்.

"நேத்து நீதானம்மா கையெழுத்து போட்ட?"

"போட்டேன் சார். தப்பா போட்டுட்டேன்."

"லேப்ல ஏதாச்சும் வந்துச்சா?"

"இன்னைக்குதான் தட்டுல போடணும். பத்து நாள் ஆவும்."

"அப்புறம் எத வெச்சு சொல்ற?"

"செல்வி சொன்னா சார்."

அவருக்கு யார் என்றே தெரியவில்லை. சொன்னேன். நாற்காலியில் பின்னால் சாய்ந்து என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கிளாஸ் கழுவுற அம்மா சொல்லிச்சுன்னு நான் பெங்களூருக்கு போன் பண்ணணுமா?" என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. ஆறு பேர் கையெழுத்துப் போட்ட காகிதம் அவர் மேசைமேல் இருந்தது.

"சார், நீங்களே சோதிச்சுப் பாருங்க. மூணு மூணு கிளாஸா ஊத்தி வைங்க. ரெண்டுல ஒரே நல்ல டேங்க், ஒன்னுல மட்டும் ரெண்டாம் டேங்க். எது வேறன்னு அவ சொல்லட்டும். நான் அந்த ரூமுக்குள்ளயே வரல. அவ தப்பா சொன்னா நான் வாய மூடிக்கறேன்."

சரி என்றார். செல்வியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"குடிக்கணுமா மேடம்?"

"வேணாம். மோந்து பாத்தா போதும்."

"தப்பா சொல்லிட்டா வேலைக்கு வர வேணாம்னு சொல்லிடுவாங்களா?"

இந்தக் கேள்வியை அவள் கேட்கும்படி ஆனதே என் சிரிப்பால்தான். "மாட்டாங்க. தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லு, தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. ரெண்டுல எது சொன்னாலும் நான் உன் பக்கம்தான்" என்றேன். இதை முந்தைய நாளே சொல்லியிருக்க வேண்டும்.

நிறம் தெரியாத கறுப்புக் கோப்பைகள். தேவராஜ் சார் அடுத்த அறையில் தன் கையாலேயே ஊற்றி, மூடி வைத்து எடுத்து வந்தார். சொன்னபடி நான் வெளியே நடைபாதையில் நின்றேன். உள்ளே பேச்சு மட்டும் கேட்டது. முதல் மூன்றில் செல்வி நடுக் கோப்பையைத் தொட்டாள் என்று பிறகு தெரிந்தது. சரி. அடுத்த மூன்றில் இடது. சரி. மூன்றாவது தடவை நிறைய நேரம் எடுத்துக்கொண்டு வலது என்றாள். அதுவும் சரி. நான்காவதும் சரி.

ஐந்தாவது தடவை ரொம்ப நேரம் ஆனது. கோப்பையை வைக்கும் ஓசை, எடுக்கும் ஓசை, மறுபடி வைக்கும் ஓசை. பிறகு செல்வியின் குரல் தயங்கித் தயங்கி வந்தது.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இதுல வேற கிளாஸே இல்ல. மூணும் ஒன்னுதான். மூணுலயும் அந்த வாசன இல்ல."

கொஞ்ச நேரத்தில் தேவராஜ் சார் வெளியே வந்தார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மூணுலயும் முதல் டேங்கயே ஊத்தி வெச்சேன் எஸ்தர். குருட்டாம்போக்குல சொல்றாளான்னு பாக்கலாம்னு."

என் எதிரிலேயே பெங்களூருக்கு போன் போட்டார். இரண்டு டேங்க்தான் வரும், மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றார். எதிர்முனையில் இருந்தவர் கத்துவது எனக்கே கேட்டது. விளம்பரம் கொடுத்தாகிவிட்டது, இப்படிக் கடைசி நேரத்தில் கை விரிப்பவர்களை நம்பி இனி எப்படிச் சரக்கு கேட்பது என்றார். காரணம் என்ன என்று கேட்டார். ஆய்வு முடிவு எதுவும் கையில் இல்லாத நேரம். தேவராஜ் சார் என்னைப் பார்த்தார். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம், மின்சாரம் போய்விட்டது என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவர் சொன்னது இது: "எங்க டேஸ்டிங் ஹெட் வேணாம்னு சொல்லிட்டாங்க சார். அவங்க வேணாம்னா நான் அனுப்பறதில்ல."

முந்தைய நாள் தவறாகக் கையெழுத்துப் போட்ட ஒருத்தியைப் பற்றி அவர் அப்படிச் சொன்னார். உங்களுக்கும் ஒரு நாள் மேலதிகாரி என்று ஒருவர் வாய்ப்பார். இந்த மாதிரி வாய்க்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன்.

லாரி இரண்டு டேங்க் சரக்கோடு போனது. அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். தினமும் காலையில் ஆய்வகத் தட்டுகளைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் ஒன்றும் இல்லை. குழுவில் இருந்த ஒருவர் என் காதுபடவே, "கிளாஸ் கழுவுற பொண்ணு பேச்ச கேட்டு ஒரு டேங்க முடக்கிட்டாங்க" என்று சொன்னார். செல்விக்கும் அது கேட்டிருக்கும். அவள் வேலையை மட்டும் பார்த்தாள். ஆனால் கோப்பைகளைக் கொண்டுவந்து வைக்கும்போது என் முகத்தைப் பார்ப்பாள். இன்னும் வரவில்லை என்று தலையாட்டுவேன். எட்டாம் நாள் இரண்டாம் டேங்கின் தட்டில் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள். மற்ற இரண்டு தட்டும் துடைத்து வைத்தது போல் இருந்தன.

இரண்டாம் டேங்கின் வால்வைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே இருந்த ரப்பர் வாஷரில் மயிரிழை போல ஒரு விரிசல். எத்தனை தடவை வெந்நீர் விட்டுக் கழுவினாலும் தண்ணீர் எட்டாத இடம். அந்த டேங்கில் இருந்த பீர் முழுவதையும் கொட்டினோம். தேவராஜ் சார் கூடவே நின்று பார்த்தார். அவர் ஆசைப்பட்டுச் செய்த பீர். பெங்களூருக்கு ஆய்வு முடிவை அனுப்பினார். அந்த உணவகக்காரரிடமிருந்து இரண்டு நாள் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது. அடுத்த வருடத்துக்கும் இதே பீர், இதே அளவு என்று.

நான் என் பழைய படிவத்தை எடுத்து, "ஆழம்" என்ற வார்த்தையை அடித்து, பக்கத்தில் "தோல், கொட்டகை, கண்டுபிடித்தவர் செல்வி" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தக் காகிதம் இன்னும் கோப்பில் இருக்கும், பார்க்க விரும்பினால் பாருங்கள். பிறகு செல்வியைத் தேடிப் போனேன். கழுவும் தொட்டி அருகே முழங்கை வரை நனைந்து நின்றிருந்தாள். அன்றைக்குச் சிரித்தது தவறு என்று சொன்னேன். எல்லாரும் இருக்கும் இடத்தில் சிரித்துவிட்டு மன்னிப்பை மட்டும் தனியாகக் கேட்பது சரியில்லை என்று தோன்றியதால், அடுத்த கூட்டத்தில் ஆறு பேர் முன்னாலும் அதையே சொன்னேன்.

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்கதான மேடம் மோந்து பாக்க சொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான்.

அவளைச் சுவைக் குழுவில் சேர்க்க வேண்டும் என்று தேவராஜ் சாரிடம் கேட்டேன். பட்டப்படிப்பு வேண்டும் என்று விதி இருந்தது. "மூக்குக்கு எந்த காலேஜ்ல டிகிரி தர்றாங்க?" என்று அவரே சொல்லி விதியை மாற்றினார். செல்வியின் புருஷன் ஒரு நாள் நேரில் வந்து, குடிக்க வேண்டியிருக்குமா என்று தயங்கிக் கேட்டார். முகர்ந்து சொன்னால் போதும், வாயில் வைக்க வேண்டாம் என்று எழுதியே கொடுத்தோம். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். சம்பளம் கூடியது, வேலையின் பெயர் மாறியது. அடுத்து வந்த வசந்தத்தில் மூன்று டேங்கையும் முதலில் முகர்ந்தது செல்விதான். மூன்றும் சுத்தமாக இருந்தன. அந்த வருடம்தான் நான் அந்த பீரை நிம்மதியாக ருசித்தேன். ரொட்டியும் தேனும் வறுத்த தானியமும் வந்து, விழுங்கிய பிறகு வேறெதுவும் மிச்சமில்லாமல் வாய் காலியானது. நல்ல மால்ட் பீர் அப்படித்தான் முடிய வேண்டும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

செல்வி குழுவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆனபோது அவர்கள் வீட்டை ஆம்பூருக்கு மாற்றினார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் அங்கேதான் கிடைத்தது. நாங்கள் மாதம் ஒரு தடவை குழுவில் இருப்பவர்களையே சோதிப்போம். கோளாறுகளை வேண்டுமென்றே துளித்துளியாகக் கலந்த கோப்பைகளைக் கொடுத்து யாருக்கு எது தெரிகிறது என்று பார்ப்போம். யாருக்கு எவ்வளவு தெரிந்தது என்று யாரும் வெளியே சொல்ல வேண்டியதில்லை, படிவத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு மாதத்துக்குப் பிறகுதான் முடிவு வரும். அப்படி ஒரு சோதனை முடிந்த காலையில், எல்லாரும் எழுந்து போன பிறகு செல்வி மட்டும் நின்றாள்.

"மேடம், அந்த செருப்பு வாசன எனக்கு தெரியல."

"எந்த கிளாஸ்ல?"

"எதுலயுமே. அஞ்சு கிளாஸுல ஒன்னுல நீங்க கலந்திருப்பீங்க. எனக்கு அஞ்சும் ஒன்னாவே இருந்துச்சு. எனக்கும் பழகிப் போச்சு போல. வேற ஆள பாருங்க மேடம்."

கோப்பைகளைப் புரட்டி எண்ணைப் பார்த்தேன். கலந்தது மூன்றாவதில். அவளுக்குத் தெரியவில்லைதான். அந்த ஒரு வாசனையால் கிடைத்த இடம் அது, அந்தச் சம்பளத்தை நம்பித்தான் ஆம்பூரில் வீடு பார்த்திருந்தார்கள். ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் என் மூக்கு தவறியதை ஒப்புக்கொள்ள ஒரு நாளும், ஒரு சிநேகிதியும், ஆறு காகிதங்களும் தேவைப்பட்டன. செல்விக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

அவளை நாங்கள் விடவில்லை. மற்ற கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கு நிகர் அப்போதும் யாரும் இல்லை. தோல் வாசனைக்கு மட்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இந்த வட்டாரத்துக்கு வெளியிலிருந்து ஒருவரைச் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். உங்களில் ஒருவர் நீலகிரியிலிருந்தும் ஒருவர் ராமநாதபுரத்திலிருந்தும் வந்திருப்பது தற்செயல் இல்லை. இப்போதைக்கு எங்களுக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது, கொஞ்ச காலத்துக்குத்தான் இருக்கும். இருக்கும்வரை வெட்கப்படாமல் சொல்லுங்கள். போய்விட்டால் அதையும் சொல்லுங்கள். குழுத் தலைவியிடம் சொல்வதற்குப் பயமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது அந்த நாற்காலியில் இருப்பது செல்வி. தைரியமாகப் போய்ச் சொல்லுங்கள், சிரிக்க மாட்டாள்.